சுங்கச்சாவடியும் சமன்பாடும்

தருமபுரியிலிருந்து சேலம் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தொப்பூரை ஒட்டி பாளையம் சுங்கச்சாவடி இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள்படி அங்கே மூன்று விதமாகப் பணம் கட்டலாம். ஒருமுறை கடந்தால் ஒருவழிக் கட்டணம். 24 மணி நேரத்துக்குள் திரும்பிவிட்டால் இரண்டுக்கும் சேர்த்து அதில் ஒன்றரை மடங்கு. மாதத்தில் 50 முறை கடக்க மாத பாஸ்; ஐம்பது ஒருவழிக் கட்டணத்தைக் கூட்டி, அதில் மூன்றில் இரண்டு பங்கு அதன் விலை. சேலத்திலிருந்து தருமபுரிக்குத் தினமும் சரக்கு ஏற்றிப் போய்த் திரும்பும் வேன்காரர் ஒருவர் பாஸ் வாங்கலாமா, வேண்டாமா?

எட்டாம் வகுப்பில் இதைக் கேட்டால் பிள்ளைகள் முதலில் திருப்பிக் கேட்பது, “கட்டணம் எவ்வளவு சார்?” என்பதுதான். அதைச் சொல்லிவிடக் கூடாது. கட்டணம் வண்டிக்கு வண்டி வேறு, ஆண்டுக்கு ஆண்டு வேறு. சொல்லாமல் விட்டால் அதற்கு ஓர் எழுத்து வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஒருவழிக் கட்டணம் க, மாதத்தில் போய்வரும் நாள்கள் ந. தினமும் கட்டினால் மொத்தச் செலவு 1.5 × க × ந. பாஸின் விலை ஏறத்தாழ 33.33 × க. இரண்டையும் சமமாக வைத்ததும் க இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது; மிஞ்சுவது ந = 22.2.

கட்டணமே தெரியாமல் விடை வந்துவிட்டது. மாதம் 22 நாள் ஓட்டினால் பாஸ் மயிரிழை நஷ்டம். 23 நாளிலிருந்து லாபம். 25ஆம் நாள் மாலை 50 கடப்பும் தீர்ந்துவிடும். ஆக, வாரம் ஐந்து நாள் வேலை பார்ப்பவருக்கு இந்த பாஸால் பயனில்லை. வாரம் ஆறு நாள், மாதம் 26 நாள் ஓட்டுகிறவர் பாஸும் கடைசி ஒரு நாள் தனிக் கட்டணமுமாக 34.83 × க செலவழிப்பார். பாஸ் இல்லாவிட்டால் 39 × க. காருக்கும் இதே விடை, பதினாறு சக்கர லாரிக்கும் இதே விடை.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கணக்கு இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார்களுக்கு ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் வந்தது: அறிமுகமானபோது 3000 ரூபாய்க்கு 200 கடப்பு அல்லது ஓராண்டு, எது முன்னால் முடிகிறதோ அது. போய்வரும் கட்டணத்தில் ஒரு கடப்புக்கு 0.75 × க ஆகிறது என்றால், பாஸ் கட்டுப்படியாக 4000 ÷ க கடப்புகள் வேண்டும். இந்தத் தடவை க மறையவில்லை. கட்டணம் கூடக் கூடத் தேவையான கடப்புகள் குறைகின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளை வரைபடத் தாளில் போடும் எதிர்மாறல் வளைவரை இதுதான். முந்தைய கணக்கில் மறைந்த எழுத்து இதில் ஏன் மறையவில்லை என்று கேட்டால், வகுப்பில் ஒரு பாடவேளை முழுக்கப் பேசலாம். ஒன்று கட்டணத்தின் மடங்காக வைக்கப்பட்ட விலை, மற்றது கட்டணத்தோடு தொடர்பில்லாமல் ரூபாயில் வைக்கப்பட்ட விலை. அந்த வேறுபாட்டைப் பிள்ளையே கண்டுபிடித்துவிட்டால் மாறி எது, மாறிலி எது என்று தனியாக வரையறை எழுதிப் போட வேண்டியதில்லை.

நடைமுறை வாழ்க்கையிலிருந்து எடுத்த, பதிலைக் காரணத்தோடு சொல்ல வேண்டிய, ஒரே வரியில் முடியாத இப்படிப்பட்ட வேலைகளைக் கல்வியாளர்கள் செயல்திறன் பணிகள் என்கிறார்கள். நம் பள்ளிகளில் செயல்பாடு, செயல்திட்டம், ஆக்டிவிட்டி என்று எது வேண்டுமானாலும் சொல்வார்கள். இவற்றால் இயற்கணிதம் கற்பிக்க முடியுமா என்ற கேள்விக்கு உலகம் முழுக்க நாற்பது ஐம்பது ஆண்டுகளாகப் பதில் தேடியிருக்கிறார்கள், தமிழ்நாட்டிலும் தேடியிருக்கிறோம். என் முடிவு இது: ஒரு நிஜக் கணக்கு இயற்கணிதம் கற்றுத்தர வேண்டுமானால், எழுத்து இல்லாமல் அதை முடிக்க வழியிருக்கக் கூடாது. எண்களைப் போட்டே முடித்துவிடலாம் என்றால் பிள்ளை அப்படித்தான் முடிப்பாள், முடிக்கவும் வேண்டும். அவள் செய்தது நல்ல எண்கணிதம், அவ்வளவுதான். வாழ்க்கையிலிருந்து எடுத்தது என்பதாலேயே ஒரு கணக்கு இயற்கணிதமாகிவிடாது.

பாடநூலின் வாக்கியக் கணக்குகள் எவ்வளவு தூரம் வாழ்க்கையைத் தொடுகின்றன என்பதற்கு இரண்டு பழைய சான்றுகள் உண்டு. 1983இல் அமெரிக்க தேசிய மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம், 1128 ராணுவ வீரர்களை ஏற்றிச் செல்ல, பேருந்துக்கு 36 பேர் என்றால், எத்தனை பேருந்து வேண்டும் என்று கேட்டார்கள். பெரும்பாலோர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். 32 என்று எழுதியவர்கள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. “31, மீதி 12” என்று எழுதியவர்கள் அதைவிட அதிகம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பிரான்சின் கிரெனோபிளில் வேறொரு வேடிக்கை நடந்தது. கப்பலில் 26 செம்மறி ஆடு, 10 வெள்ளாடு. கேப்டனுக்கு வயது என்ன என்று கேட்டபோது, 97 பிள்ளைகளில் 76 பேர் எண்களைக் கூட்டியோ கழித்தோ ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். இந்த ஊரிலும் அதே கதைதான் நடக்கும். கணக்கு என்று வந்துவிட்டால் அர்த்தத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது பிள்ளைகள் பள்ளியில் கற்ற பாடம். அதைக் கற்பித்தவர்கள் நாம்.

எதிர்ப்பக்கத்துச் சான்று பிரேசிலிலிருந்து வந்தது. ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காயும் எலுமிச்சையும் விற்ற சிறுவர்களை டெரெசீனியா நூனெஸ், டேவிட் கேரஹர், அனாலூசியா ஷ்லீமான் ஆகியோர் 1985இல் ஆராய்ந்தார்கள். கடையில் நூற்றுக்கு 98 தரம் சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே கணக்கைத் தாளில் வெறும் எண்களாகப் பார்த்தபோது 37 தரம்தான் சரியாகச் செய்தார்கள். 2025இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் இதையே பெரிய அளவில் சோதித்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. சந்தைக் கணக்கு பள்ளிக்குள் போகவில்லை. பள்ளிக் கணக்கில் தேறிய பிள்ளைகளுக்கோ சந்தைக் கணக்கு வரவில்லை. நடுவில் பாலம் தானாக உருவாவதில்லை என்பதுதான் இதன் செய்தி. அருகிலிருப்பவர்கள்கூடக் கடக்க மாட்டார்கள்.

கதைக் கணக்கா, சமன்பாடா, எது எளிது என்ற கேள்வியிலும் ஆசிரியர்கள் நம்புவதற்கு மாறான முடிவு வந்திருக்கிறது. கென்னத் கோடிங்கரும் மிட்செல் நாதனும் 2004இல் காட்டியது இது: எளிய கணக்குகளில் பிள்ளைகள் சமன்பாட்டைவிடக் கதையைத்தான் நன்றாகச் செய்கிறார்கள். மனசுக்குள் பின்னோக்கிக் கழித்துப் பார்த்து விடை சொல்லிவிடுகிறார்கள். கணக்கு சிக்கலாக ஆகத் தலைகீழாகிறது என்பதைப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது; தெரியாதது சமன்பாட்டின் இரண்டு பக்கமும் வரும் இடத்தில் எழுத்துதான் கைகொடுக்கிறது. ஆக, பிள்ளை மனசுக்குள் முடிக்கக்கூடிய கதையைக் கொடுத்துவிட்டு “எக்ஸ் என்று வைத்துத்தான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மார்க் இல்லை” என்று சொல்வது அநியாயம். பிள்ளைகளுக்கு அது தெரியும்.

செயல்வழிக்கு ஆதரவாகவும் ஆட்சேபமாகவும் ஒவ்வொரு ஆய்வைச் சொல்லிவிட வேண்டும். ஜோ போலர் இங்கிலாந்தில் இரண்டு பள்ளிகளை மூன்றாண்டு தொடர்ந்து பார்த்து 1997இல் புத்தகமாக எழுதினார். திறந்த பணிகள் வழியே கற்ற பள்ளியின் பிள்ளைகள், பயிற்சிக் கணக்குகளிலேயே ஊறிய பள்ளியின் பிள்ளைகளைவிடப் பொதுத் தேர்வில் மோசமாகச் செய்யவில்லை, மேலாகவே செய்தார்கள். மறுபக்கம், 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் ஜெனிஃபர் கமின்ஸ்கி குழு ஒரு குண்டைப் போட்டது: நிஜ உதாரணம் வழியே கற்ற கல்லூரி மாணவர்களைவிட, வெறும் குறியீடுகளில் கற்றவர்கள் புதிய சூழலுக்கு அறிவைக் கொண்டுபோவதில் தேர்ந்திருந்தார்கள். இந்த முடிவோடு பலர் சண்டை போட்டார்கள், இன்னும் போடுகிறார்கள். ஆனால் அதன் எச்சரிக்கையைத் தள்ளிவிட முடியாது. கதை கவர்ச்சியாக இருந்தால் பிள்ளையின் நினைவில் கதைதான் தங்குகிறது.

இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே பார்வையில் இணைத்தவர் டச்சுக் கணிதவியலாளர் ஹான்ஸ் ஃப்ராய்டெந்தால். கணிதம் செய்யும் செயலாகவே கற்பிக்கப்பட வேண்டும் என்றார். அவர் வழியில் வந்த அட்ரியன் ட்ரெஃபர்ஸ் அந்தச் செயலில் இரண்டு திசைகளைப் பிரித்தார். உலகத்திலிருந்து குறியீட்டுக்குப் போவது கிடைமட்டம்; குறியீட்டுக்குள்ளேயே மேலே ஏறுவது செங்குத்து. சுங்கச்சாவடியை 1.5 × க × ந என்று எழுதியது கிடைமட்டம். க ஏன் மறைந்தது என்று கேட்டது செங்குத்து. நம் ஊர்ச் செயல்பாடுகளில் முதலாவது ஓரளவு நடக்கிறது. இரண்டாவதற்கு வருவதற்குள் பெல் அடித்துவிடுகிறது.

இனி நம் கதை. தமிழ்நாட்டில் நடைமுறைக் கணக்குக்கு நீண்ட பாரம்பரியம் இருக்கிறது. திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடி, காரி நாயனாரின் கணக்கதிகாரம் எல்லாம் நிலம், நெல், பொன், கூலி ஆகியவற்றின் கணக்குகள். இந்த மரபைப் பற்றி செந்தில்பாபு எழுதிய ஆங்கில நூல் 2022இல் வந்தது. கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணும் வழி ஒன்று பெயர்பெற்றது: காம்பைச் சுற்றியுள்ள முள்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். சூத்திரம்தான். எந்த முள் எண்ணிக்கைக்கும் பொருந்தும் என்பதால் அதில் இயற்கணிதத்தின் சாயல் உண்டு. ஏன் என்ற கேள்வி மட்டும் இல்லை. நிஜ வாழ்க்கையில் வேரூன்றிய கணிதம் அதனாலேயே சிந்திக்க வைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஒரு பலாப்பழத்தை வாங்கிச் சோதித்துப் பார்க்கலாம்.

நவீன காலத்தில் இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் ஆழமாகக் கையாண்டவர் பி.கே.ஸ்ரீனிவாசன். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர், 1993இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் உருவாகக் காரணமானவர், 2005இல் மறைந்தார். இயற்கணிதத்தை அவர் எண் அமைப்புகளிலிருந்து தொடங்கினார். பிள்ளைகள் தாங்களே எண்களை அடுக்கி, ஒழுங்கைப் பார்த்து, வாயால் சொல்லி, பிறகு எழுத்தால் சுருக்குவார்கள். நாட்காட்டிக் கட்டங்கள், புள்ளிகள், தீக்குச்சிகள் போதும். அவருடைய இந்த முறை பிற்பாடு ‘அட் ரைட் ஆங்கிள்ஸ்’ என்ற கணித ஆசிரியர் இதழில் வெளிவந்தது. கவனிக்க வேண்டியது, அவர் சந்தையையும் வயலையும் தேடிப் போகவில்லை. எண்ணே பிள்ளைக்கு நிஜமான பொருள் என்றார். நான் ஏறக்குறைய அவர் கட்சி. ஏறக்குறைய என்பதற்குக் காரணம் தருமபுரி; அதைப் பின்னால் சொல்கிறேன்.

அரசு அளவில் மூன்று அலைகள் வந்தன. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்குப் பரவிய செயல்வழிக் கற்றல் முதலாவது; அது இயற்கணிதம் வரை வரவில்லை. இரண்டாவது 2012–13இல் எட்டாம் வகுப்பு வரைக்கும், அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கும் வந்த முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும். நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு. அதில் பாதி செயல்பாடுகளுக்கு. காகிதத்தில் இது ஒரு புரட்சி. இருபது மதிப்பெண்ணை ஒரு மாநிலம் முழுக்கச் செயல்திறன் பணிக்கு ஒதுக்குவது சாதாரண விஷயமில்லை. நடந்தது என்ன? ஃபேன்ஸி ஸ்டோர்களில் சார்ட்டும் வண்ணப் படத்தாளும் விற்றன. அட்டையில் ஒட்டிய இயற்கணித முற்றொருமைகள் வகுப்பறைச் சுவரில் தொங்கின. செயல்பாட்டுக்கு நிரப்ப வேண்டிய பதிவேடுகள் செயல்பாட்டைவிட நேரம் எடுத்தன. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இருபதுக்குப் பதினெட்டு விழுந்தது. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. எந்தச் செயல்பாடு கணிதமாகும், எது கைவேலையாகும் என்று பிரித்துக் காட்டும் மாதிரிகள் ஆசிரியர் கையில் போதுமான அளவு இல்லை.

மூன்றாவது அலை 2022 நவம்பர் 28இல் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம். ஆறு முதல் எட்டு வகுப்பு வரை அரசுப் பள்ளிகளுக்குக் கருத்தாளர்கள் பொருள்களோடு போய் அறிவியல், கணிதச் செயல்களை நடத்துகிறார்கள். அறிவியலில் இது கலகலப்பாக இருக்கிறது. கணிதத்தில் புதிர், காகித மடிப்பு, வடிவங்கள் என்று முடிந்துவிடுவதுண்டு. ஒரு நாள் வந்துபோகிறவர் கிடைமட்டத்தில் தொடங்கிவைக்கலாம். செங்குத்தாக ஏற்ற வகுப்பு ஆசிரியர்தான் வேண்டும். உண்மையில் நம் பிள்ளைகள் உள்ளூர்த் தரவைத் திரட்டி நீண்ட பணி செய்த இடம் வேறு: 1993இலிருந்து நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு, இங்கே அதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தூக்கிச் சுமக்கிறது. ஆனால் அங்கும் கணிதம் சதவீதத்தோடும் பட்டை வரைபடத்தோடும் நின்றுவிடுகிறது.

இதற்கிடையே ஒரு கசப்பான தேர்வும் நடந்தது. உலக நாடுகளின் 15 வயதுப் பிள்ளைகள் எழுதும் பிசா மதிப்பீட்டின் 2009 சுற்று நீட்சியில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. முடிவு 2011 டிசம்பரில் வந்தது. 74 இடங்களில் இந்த இரண்டும் கடைசி வரிசையில். கணிதத்தில் அடிப்படை நிலையை எட்டிய தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சுமார் 15 சதவீதம். கேள்விகளின் சூழல் நம் பிள்ளைகளுக்கு அந்நியமானது என்று காரணம் சொல்லி, இந்தியா அடுத்த சுற்றுகளில் ஒதுங்கிக்கொண்டது.

அந்தக் காரணம் எவ்வளவு செல்லும் என்று பார்க்க, பிசாவே வெளியிட்ட ஒரு பழைய கணக்கு உதவும். விவசாயி ஒருவர் ஆப்பிள் மரங்களைச் சதுரமாக நடுகிறார். காற்றுத் தடுப்புக்குச் சுற்றிலும் ஊசியிலை மரங்கள். ஒரு வரிசை என்றால் 1 ஆப்பிள், 8 ஊசியிலை. இரண்டு என்றால் 4, 16. மூன்று என்றால் 9, 24. எத்தனை வரிசையில் இரண்டும் சமமாகும்? தோட்டம் பெரிதாகப் பெரிதாக எது வேகமாகக் கூடும்? ஆப்பிளும் ஊசியிலையும் தொப்பூர்ப் பிள்ளைக்கு அந்நியம்தான். மா என்றும் சவுக்கு என்றும் மாற்றிவிட்டால் சரியாகிவிடும்; கிருஷ்ணகிரி, தருமபுரி மாந்தோப்புகளைப் பார்க்காத பிள்ளை இங்கே இல்லை. ஆனால் கடினம் மரத்தின் பெயரில் இல்லையே! வரிசை ந என்றால் மா ந², சவுக்கு 8ந என்று எழுத வேண்டும். ந² = 8ந என்பதில் ந = 8 என்று கண்டு, ந = 0 என்ற இன்னொரு தீர்வைத் தோப்பே இல்லாத நிலம் என்று தள்ள வேண்டும். கடைசியாக, எட்டுக்கு மேல் மாமரம் ஏன் முந்துகிறது என்று எழுத்தில் விளக்க வேண்டும். அட்டவணை போட்டே எட்டைக் கண்டுபிடித்துவிடும் பிள்ளை கடைசிக் கேள்வியில்தான் திணறும். அந்தக் கேள்வியில்தான் இயற்கணிதம் இருக்கிறது. அந்நியமாக இருந்தது விளக்கம் எழுதும் பழக்கம். ஆப்பிள் மேல் பழி போடுவது சுலபம்.

தருமபுரியைச் சொல்கிறேன் என்றேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் கடைசி மாவட்டம் இது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இன்றும் நிறைய. எண் அமைப்பின் அழகு மட்டும் அவர்களை எழுத்துக்கு இழுத்துவருமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் இந்த மண்ணிலேயே, எழுத்து இல்லாமல் முடியாத கணக்குகள் கிடக்கின்றன.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமென்பதால்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் திறக்கப்பட்டது. குழாய்த் தண்ணீர் போதாத நாளில் போர்வெல் நீரைக் கலந்துதான் தொட்டி நிரம்புகிறது. உதாரணத்துக்கு போர்வெல் நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம், ஆற்று நீரில் 0.3 மில்லிகிராம் என்று வைப்போம். 1000 லிட்டர் தொட்டியில் கலவை லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. போர்வெல் நீர் எவ்வளவு சேர்க்கலாம்? அது க லிட்டர் என்றால், 3க + 0.3(1000 − க) = 1000. க சுமார் 259 லிட்டர். இது ஏழாம் வகுப்புச் சமன்பாடு. இதோடு விட்டால் சாதாரண வாக்கியக் கணக்கு.

பணியாக மாறுவது இதற்கு அடுத்த படியில். ஊருக்கு ஊர், போருக்குப் போர் ஃபுளோரைடு வேறு. தொட்டி நிரப்புகிற வாட்டர்மேன் கையில் வைத்துக்கொள்ள ஒரு சூத்திரம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். போர்வெல் நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு ப மில்லிகிராம் என்றால் விடை 700 ÷ (ப − 0.3). இப்போது சூத்திரத்தைச் சோதியுங்கள். ப = 1 என்றால் 1000 லிட்டர்; சரி, முழுத் தொட்டியும் போர்வெல் நீரே இருக்கலாம். ப = 0.5 என்றால் 3500 லிட்டர் வருகிறது. ஆயிரம் லிட்டர் தொட்டியில் மூவாயிரத்து ஐந்நூறா? இங்கேதான் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஒரு கூட்டம் சூத்திரம் தப்பு என்று சொல்லும். இன்னொரு கூட்டம், நீர் ஏற்கெனவே பாதுகாப்பானது, கலக்கும் கவலையே வேண்டாம் என்று சூத்திரம் தன் பாஷையில் சொல்கிறது என்று வாதாடும். “31, மீதி 12” என்று எழுதும் பழக்கத்துக்கு நேர் மருந்து இந்தச் சண்டை. கடைசியில் வாட்டர்மேனுக்குச் சூத்திரத்தைவிட ஐந்து வரி அட்டவணை உதவும் என்று யாராவது சொன்னால் அதற்கும் மதிப்பெண் தர வேண்டும்.

மின்கட்டணம் இன்னொன்று. 2022 செப்டம்பரில் அமலான வீட்டுக் கட்டணப்படி, இரு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1725 ரூபாய் வந்தது. 501 ஓடினால் 1958. ஐந்நூறைத் தாண்டியதும் நடுப்படிகளின் விகிதமும் மாறிவிட்டதால், அந்த ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் ஆனது. இதை வரைபடமாகப் போட்டால் சாய்வு மாறிக்கொண்டே போகும் கோடு ஓரிடத்தில் அறுந்து மேலே குதிக்கிறது. சார்பு என்ற பாடத்தை இதைவிடச் சூடாகத் தொடங்க முடியாது. அப்பாவின் கோபமும் அன்றைக்குப் புரிந்துவிடும். பாலக்கோடு தக்காளிச் சந்தையில், விலை எவ்வளவுக்குக் கீழே போனால் பறிக்காமல் செடியிலேயே விட்டுவிடலாம் என்ற அசமன்பாடும் இருக்கிறது. பறிகூலி, கிரேடு வாடகை, வண்டி, கமிஷன் எல்லாம் எழுத்தாகும். இதில் எத்தனை கிரேடு காய்த்தது என்பது பெரும்பாலும் அடிபட்டுப் போவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

தொப்பூர் என்றதும் யாருக்கும் நினைவு வருவது கணவாய். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வரும் லாரிகள், இரட்டைப் பாலம், கட்டுப்பாட்டை இழந்து வரிசையாக மோதல்கள். பிரேக் போட்டு நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். விநாடிக்கு விநாடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று கொண்டால், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் தூரம் சுமார் 7 மீட்டர். 60இல் சுமார் 28 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, தூரம் நான்கு மடங்கு. பத்தாம் வகுப்பின் பரவளையத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் இந்த ஊரில் இல்லை. ஆனாலும் இதை வகுப்புக்குக் கொண்டுபோக நான் தயங்குவேன். பிள்ளைகளை அந்தச் சாலையில் நிறுத்தி வேகம் அளக்கச் சொல்வது பேச்சுக்கே இடமில்லை. வகுப்பிலேயே யாராவது ஒரு பிள்ளையின் வீட்டில் அந்த இறக்கம் ஒருவரைப் பறித்திருக்கலாம். ஃபுளோரைடு கறை படிந்த பல்லோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை முன்னால் தண்ணீர்க் கணக்குப் போடும்போதும் இதே நிதானம் வேண்டும். நிஜ வாழ்க்கை என்று நாம் கூப்பிடுவது சிலருக்கு வலி. சுங்கச்சாவடி யாருக்கும் வலிக்காது, எரிச்சல் மட்டும்தான்.

எழுத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கட்டணத்துக்கு க, நாளுக்கு ந என்று முதலெழுத்தை வைப்பது வசதி. அதுவே வினையாகவும் முடியும். 1970களில் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வில் டீட்மார் கூச்மான் கண்டது, பல பிள்ளைகள் எழுத்தை எண்ணாக எடுக்காமல் பொருளாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது. நம் வகுப்புகளில் “மூன்று மாம்பழமும் இரண்டு வாழைப்பழமும் கூட்ட முடியாது, அதனால் 3ம + 2வ” என்று சொல்லிக்கொடுப்பது இந்த நோயை ஊட்டி வளர்க்கிறது. ம என்பது மாம்பழம் இல்லை. மாம்பழத்தின் விலையோ எண்ணிக்கையோ. மும்பை ஹோமிபாபா மையத்தில் ராக்கி பானர்ஜியும் கே.சுப்ரமணியமும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு நடத்திய ஆய்வு எண் கோவைகளின் உறுப்புகளைப் பார்க்கப் பழக்கி, அங்கிருந்து எழுத்துக் கோவைக்கு ஏறியது. நிஜக் கணக்கு எதுவும் இதைத் தராது. அடைப்புக்குறியைப் பிரிப்பதும் குறி மாறுவதும் கைக்குப் பழகாத பிள்ளை, தண்ணீர்க் கணக்கில் 0.3(1000 − க) வந்ததும் நின்றுவிடும். பணியும் பயிற்சியும் எதிரிகள் என்ற பேச்சை நான் நம்புவதில்லை.

ஆசிரியர்கள் சொல்லும் மறுப்பும் வலுவானது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கணக்குக்கு நூறு மதிப்பெண். அதில் எட்டு செய்முறை வடிவியலுக்கு, எட்டு வரைபடத்துக்கு. மெல்லக் கற்கும் பிள்ளைக்கு இந்தப் பதினாறையும் புக் பேக் ஒரு மதிப்பெண் கேள்விகளையும் உறுதிசெய்து பாஸாக வைப்பது ஓர் ஊர்ப்பள்ளி ஆசிரியரின் ஆண்டு முழுக்க நடக்கும் போராட்டம். அந்தப் பிள்ளை பாஸானால் பாலிடெக்னிக், இல்லாவிட்டால் ஓசூர்ப் பக்கம் கூலி. தண்ணீர்த் தொட்டி வாதத்துக்கு இரண்டு பாடவேளை எங்கிருந்து வரும்? இதற்குத் “தேர்வைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்” என்பது பதிலாகாது. அப்படிச் சொல்கிறவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் வேறு பள்ளிகளில் படிக்கிறார்கள்.

பேரா. ஆர். ராமானுஜம் தலைமையில், 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதக் குழு எழுதிய நிலைப்பாட்டு அறிக்கை, குழந்தையின் சிந்தனையே கணிதமயமாவதுதான் நோக்கம் என்றது. பாடத்திட்டத்தின் உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டச் சொன்னது. மதிப்பீட்டை மாற்றாமல் எதுவும் மாறாது என்றும் சொன்னது. 2018இல் தொடங்கி வந்த புதிய தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஆறாம் வகுப்பு இயற்கணிதம் அமைப்புகளிலிருந்து தொடங்குவது அந்த வழியில்தான். பத்தாம் வகுப்பு வரும்போது மூன்று மாறிகளில் ஒருங்கமைச் சமன்பாடு, பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமூலம், அணிகள் என்று மறுபடி உயரம் கூடிவிடுகிறது. பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமூலத்தை நீள்வகுத்தலில் கண்டுபிடிப்பது எந்தப் பிள்ளைக்கு எதற்குப் பயன்பட்டது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அந்த இடத்தை விட்டுக்கொடுத்தாலே இரண்டு பாடவேளை கிடைத்துவிடும்.

ஆண்டுக்கு வகுப்புக்கு மூன்று பணி போதும் என்பது என் கணக்கு. பாடத்தின் தொடக்கத்தில் ஒன்று, எழுத்தின் தேவை புரிவதற்கு. முடிவில் ஒன்று, எழுத்தை வைத்து வாதாடுவதற்கு. மூன்றாவது அந்த ஊரிலிருந்து. அழகான அட்டைக்கு மதிப்பெண் கிடையாது. நிலையான எண்களைக் கொடுத்துவிடாமல், விடையை அடுத்த ஊருக்கும் அடுத்த வண்டிக்கும் செல்லுமாறு எழுதச் சொல்ல வேண்டும்.

தேர்வில் இதற்கு இடம் தேட வேண்டுமென்றால், எட்டு மதிப்பெண் வரைபடக் கேள்வியே கைவசம் இருக்கிறது. இப்போது சமன்பாட்டைக் கொடுத்து, அட்டவணை போட்டு, வளைவரை வரைந்து, தீர்வை வாசிக்கச் சொல்கிறோம். சமன்பாட்டுக்குப் பதிலாகக் கட்டண விதியைக் கொடுக்கலாம். சமன்பாடு அமைக்க இரண்டு, அட்டவணைக்கு இரண்டு, வரைபடத்துக்கு மூன்று, வரைபடம் ஓரிடத்தில் ஏன் மடங்குகிறது என்று ஒரு வரியில் எழுத ஒன்று. விடைத்தாள்களை ஒரு நாளைக்குக் கட்டுக் கட்டாகத் திருத்த வேண்டிய முகாமில், பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும் விடையை ஒரு வரிக்கு மேல் படிக்க யாருக்கும் நேரமில்லை. அந்த ஒரு வரிக்கு ஒரு மதிப்பெண் என்று விடைக்குறிப்பில் அச்சாகிவிட்டால், அடுத்த ஜூனிலேயே அது கைடுகளில் வந்துவிடும். கைடில் வந்துவிட்டால் வகுப்பிலும் வந்துவிடும்.